ஐந்தரைக் கிலோவுக்குள் ஒரு துப்பாக்கி

அன்புள்ள தென்தீவுத் தமிழ் நண்பர்களுக்கு,

போன வாரம் கிரைஸ்ட்சர்ச் பூங்காவில் நடந்த நம் கூட்டுச் சாப்பாட்டில், நீங்கள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். மலையில் வேட்டைக்கும், மைதானத்தில் ஆயிரம் கஜம் வரை இலக்கு சுடுவதற்கும் ஒரே ரைபிளைச் செய்துகொள்ள முடியுமா என்று. வாயில் சோறு இருந்ததால் "முடியும்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு சொல்லை நம்பி, உங்களில் ஒருவர் மறுநாளே ஒரு பட்டியலை அனுப்பிவிட்டார்: 26 அங்குலக் கனத்த குழல், அலுமினியச் சட்டகம், 25 மடங்கு பெருக்கும் ஸ்கோப், போட்டிக்காரர்கள் வைத்திருக்கும் இருகால் தாங்கி. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். எட்டுக் கிலோவைத் தொட்டது. இனியும் பேசாமல் இருப்பது தவறு என்று பட்டதால் இந்த மடல். எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். பட்டியல் அனுப்பிய தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் எந்த மலை, எந்த விலங்கு என்பதைப் பேசிவிடலாம். அதைப் பேசாமல் துப்பாக்கியைப் பேசுவது மாப்பிள்ளையைப் பார்க்காமல் மண்டபம் பிடிப்பது போல.

நான் வால்பாறைப் பக்கம் பிறந்தவன். ஆழியாற்றிலிருந்து ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவின் பாறைகளில் வரையாடு நிற்பதைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தேன். சங்கப் பாட்டில் வருடை என்று வருகிற அதே விலங்கு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் மேல் கை வைத்தால் சிறை. இங்கே வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் மவுண்ட் குக் பக்கத்துப் பாறை ஒன்றில் பிடரி மயிர் காற்றில் பறக்க ஒரு கிடா நின்றதைப் பார்த்தபோது, ஊர் ஞாபகம் தொண்டையை அடைத்தது. அது இமாலய வரையாடு. இங்கத்திய வேட்டைக்காரர்கள் 'தார்' என்பார்கள். இரண்டும் ஒரே பேரினம் என்றுதான் நெடுநாள் எழுதிவைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, 2005இல் நம் வரையாட்டைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். அது செம்மறிக்கு நெருங்கிய சொந்தமாம்.

இமாலய வரையாடு நியூசிலாந்துக்கு வந்தது 1904இல். பெட்ஃபோர்டு கோமகன் இங்கிலாந்திலிருந்த தன் மந்தையிலிருந்து அனுப்பிய அன்பளிப்பு. மூன்றே ஆண்டில், 1907இல், ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் ஷாமுவா என்ற மலையாட்டை அனுப்பினார். வௌவாலைத் தவிர வேறு நிலப் பாலூட்டியே இல்லாதிருந்த நாடு இது. பாலூட்டி மேயாத மலையில் வளர்ந்த புல்லும் பூவும் அந்த மேய்ச்சலைத் தாங்கவில்லை. மந்தை பெருகியது, மலை மொட்டையானது. 1993இல் அரசு ஒரு கட்டுப்பாட்டுத் திட்டம் போட்டு, தார் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தது. அதனால்தான் நம் ஊரில் காவல் காக்கப்படுகிற விலங்கின் ஒன்றுவிட்ட தம்பியை இங்கே சுடச் சொல்கிறார்கள். இந்த முரண் எனக்கு இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை. ஆனால் சுடுவதென்று முடிவு செய்தால் ஒழுங்காகச் சுட வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை.

இப்போது துப்பாக்கி.

இரண்டு வேலைகளும் எதிரெதிர் திசையில் இழுப்பவை. மைதானத்தில் எடை நண்பன். எஃப்-கிளாஸ் என்ற தொலைதூர இலக்குப் போட்டியில் திறந்த பிரிவுக்குப் பத்துக் கிலோ வரை விட்டுவைத்திருக்கிறார்கள்; .223, .308 மட்டும் அனுமதிக்கும் பிரிவுக்கே எட்டே கால் கிலோ. மேசைபோல் அசையாமல் கிடக்கும் துப்பாக்கி, இருபது தோட்டா சுட்டாலும் சூட்டில் வளையாத குழல். மலையில் அதே எடை எதிரி. காலை நாலு மணிக்கு ஆற்றங்கரையில் கிளம்பி, கூழாங்கல் சரிவில் ஆயிரம் மீட்டர் ஏறி, முதுகில் கூடாரம், கயிறு, இரண்டு நாள் சாப்பாடு. அதற்கு மேல் எட்டுக் கிலோ இரும்பு என்றால், கிடாவைக் காணும் நேரத்தில் உங்கள் கை குறியைப் பிடிக்காது, மூச்சைத்தான் பிடிக்கும்.

நான் இதைச் செய்து பார்த்தவன். முதலில் கட்டிய ரைபிள் ஏழரைக் கிலோ. மைதானத்தில் அது தங்கம். மலையில் இரண்டாவது நாள் அதைப் பாறை மறைவில் போட்டுவிட்டு வெறும் பைனாகுலரோடு ஏறினேன். மேலே போனால், கிடா இருநூறு மீட்டரில் நின்று என்னைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம், இருவரும்.

கோபத்தில் மறுபக்கம் சாய்ந்தேன். இரண்டே முக்கால் கிலோவில், பென்சில் போன்ற குழலோடு ஒரு மலைத் துப்பாக்கி வாங்கினேன், அதுவும் மேக்னம் தோட்டாவில். தோளில் இருப்பதே தெரியாது. சுடும்போது மட்டும் தெரியும். இதில் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. ஒரே தோட்டா தரும் உந்தம் மாறாது. அதனால் துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால் தோளில் வாங்கும் பின்னுதையின் ஆற்றல் இரட்டிப்பாகும். மைதானத்தில் பத்துத் தோட்டாவுக்குள் என் உடம்பு அந்த அடியை எதிர்பார்த்துக் கண்ணை மூடப் பழகிக்கொண்டது. நாலாவது தோட்டாவிலேயே மெல்லிய குழல் சூடேறிக் குறி சிதறியது. குழலிலிருந்து எழும் அனல் ஸ்கோப்பில் இலக்கைத் தண்ணீருக்குள் கிடப்பது போல் ஆட்டியது. அடி வாங்குவதற்குப் பயந்து மைதானத்துக்குப் போவதே குறைந்தது. போகாதவன் மலையில் எப்படிச் சுடுவான்?

ஆக, ஒரே துப்பாக்கியால் வருகிற உண்மையான லாபம் பணமல்ல. மலைக்குக் கொண்டுபோகிற அதே விசை, அதே கட்டை, அதே ஸ்கோப்பில் வருடம் முழுக்கக் கை பழகுகிறது என்பதுதான். அந்த லாபம் கிடைக்க, மலை தாங்கும் எடையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் மைதானத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். நீங்கள் எல்லோரும் மறுமுனையிலிருந்து தொடங்குகிறீர்கள்.

என் இப்போதைய ரைபிளைச் சமையலறைத் தராசில் பிரித்துப் பிரித்து நிறுத்தேன். வெறும் துப்பாக்கி 3.4 கிலோ. ஸ்கோப்பும் அதன் வளையங்களும் 900 கிராம். இருகால் தாங்கி 400. சப்ரஸர் 400. தோட்டா போட்ட மேகசின் 250. மொத்தம் ஐந்தே கால் கிலோவுக்குச் சற்று மேல். அமெரிக்காவில் 2021இல் தொடங்கிய என்.ஆர்.எல். ஹன்டர் என்ற போட்டி வரிசை, வேட்டைத் துப்பாக்கியையும் தொலைதூரக் குறியையும் ஒரே களத்தில் சேர்க்கவே ஏற்பட்டது. அதன் இலகு பிரிவுக்கு 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5.4 கிலோ வரம்பு. நான் முதுகுவலியால் கண்டுபிடித்த எண்ணை அவர்கள் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் பெருமையாக இருந்தது. மனைவியிடம் சொன்னேன், மாவு நிறுக்கிற தராசைக் கழுவி வைக்கச் சொன்னார்.

சப்ரஸர் பற்றி ஒரு சொல். நம் ஊரில் சைலன்சர் என்றால் புல்லட் வண்டிதான் நினைவுக்கு வரும். படத்தில் வில்லன் வைத்திருப்பதும் நினைவுக்கு வரும். இந்த நாட்டில் அது சாதாரண வேட்டைப் பொருள். பின்னுதையைக் குறைக்கும், காதைக் காக்கும். குழல் முனையில் பக்கவாட்டில் புகையைத் தள்ளும் பிரேக்கும் பின்னுதையைக் குறைக்கும்தான். ஆனால் மைதானத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் உங்களை மன்னிக்கவே மாட்டார்.

எந்தத் தோட்டா என்பதில்தான் நண்பர்கள் சண்டையே போடுகிறார்கள். நான் 6.5 கிரீட்மூர் பக்கம். 2007இல் இலக்குப் போட்டிக்கென்றே உருவாகி, பிறகு வேட்டைக்காரர்கள் கைக்குப் போன தோட்டா. நம் கேள்விக்கு அதன் வரலாறே பாதிப் பதில். கிரீட்மூர் என்பது நியூயார்க் லாங் ஐலண்டில் இருந்த ஒரு சுடுமைதானத்தின் பெயர். 1874இல் அங்கே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. 934க்கு 931, மூன்று புள்ளியில் அமெரிக்கா வென்றது. அயர்லாந்துக்காரர் ஒருவர் பக்கத்து இலக்கில் சுட்டுவிட்டார். மையத்தில்தான் பட்டது, ஆனால் அடுத்தவர் இலக்கின் மையத்தில். எவ்வளவு தேர்ந்தவனாக இருந்தாலும் ஒருமுறை இப்படி நடக்கத்தான் செய்கிறது.

140 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 2700 அடி வேகத்தில் கிளம்பும். நூறு கஜத்தில் குறி வைத்துச் சரிசெய்திருந்தால், ஆயிரம் கஜத்தில் ஏழரை மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும். மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் குறுக்குக் காற்று அதை ஒன்றரை மீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். இறக்கத்தை ஸ்கோப்பின் குமிழ் திருப்பிச் சமாளிக்கலாம், அது வாய்ப்பாடு. காற்று வாய்ப்பாடு அல்ல. 7 மி.மீ., .300 வகை மேக்னம்கள் காற்றை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும், பெரிய கிடாவுக்குக் கூடுதல் வலுவும் உண்டு. ஆனால் ஐந்து கிலோத் துப்பாக்கியில் அவற்றை நாளைக்கு நாற்பது முறை சுடும் ஆசை எத்தனை பேருக்கு நீடிக்கும்? குழலும் சீக்கிரம் தேயும்: கிரீட்மூர் குழல் இரண்டாயிரத்து ஐந்நூறு தோட்டாவை ஒட்டித் தாங்கும் என்றால், பெரிய மேக்னம்களுக்கு அதில் பாதியை எதிர்பார்த்தால் போதும். 1952இல் வந்த பழைய .308ஐ ஏளனம் செய்ய வேண்டாம். அதன் குழல் இரண்டையும்விட நீண்ட காலம் உழைக்கும். எண்ணூறு கஜத்துக்கு அப்பால்தான் மூச்சு வாங்கும். ஏற்கெனவே வைத்திருப்பவர் விற்காதீர்கள்.

குழலுக்கு 22 முதல் 24 அங்குலம் போதும். மிக மெல்லியதும் வேண்டாம், மிகக் கனத்ததும் வேண்டாம். நடுத்தரக் கனத்தில், வெளிப்புறம் நீளவாக்கில் பள்ளம் கடைந்தது ஒன்று. கரியிழை சுற்றிய குழல் அழகாக இருக்கும், விலையும் அழகாக இருக்கும். கட்டையில் கன்னம் பதியும் இடம் உயரம் மாற்றத்தக்கதாக இருக்கட்டும். அதற்கு எடை அதிகமில்லை, பலன் அதிகம். விசை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். இலக்குக்காரர்கள் 400 கிராம் அழுத்தத்தில் விசையை வைப்பார்கள். உறைந்த விரலும் கையுறையும் சேர்ந்தால் அந்த விசை உங்களுக்கு முன்பே முடிவு எடுத்துவிடும். ஒரு கிலோவுக்குக் குறைய வேண்டாம்.

ஸ்கோப்பில்தான் நான் அவமானப்பட்டேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மைதானத்தில் அறுநூறு மீட்டர் வரை சுட்டோம். கடைசிச் சுற்று முடிந்ததும் தேநீர், அரட்டை. துப்பாக்கியை உறையில் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வெள்ளி மலை. சனி மதியம், இருநூற்று எண்பது மீட்டரில் ஒரு கிடா, நல்ல இடம், எட்டி எடுக்கக்கூடிய தட்டையான திட்டு. படுத்தேன், மூச்சை விட்டேன், அழுத்தினேன். கிடாவின் முதுகுக்கு மேலே வெகு உயரத்தில் பாறைப் பொடி பறந்தது. அது நிதானமாக என்னைப் பார்த்துவிட்டு முகட்டைத் தாண்டிப் போனது. என் உயரக் குமிழ் இன்னும் அறுநூறிலேயே நின்றிருந்தது. கொஞ்சம் குறைவாகத் தப்பாகியிருந்தால் முதுகெலும்பைக் கீறியிருக்கும். காயம்பட்ட விலங்கு, செங்குத்துப் பாறை, இருட்டு. நல்லவேளை, நான் மிக மோசமாகத் தவறினேன்.

இரண்டு வேலை செய்யும் துப்பாக்கியின் தனி நோய் இது. ஒரே வேலை செய்கிற துப்பாக்கிக்கு இது வராது. ஆகவே திருப்பிக்கொண்டே வந்தால் மூலக் குறியில் தானாக நிற்கும் தடையும், உறையில் உரசித் திரும்பாதபடி பூட்டும் உள்ள குமிழை வாங்குங்கள். பெருக்கம் மூன்றிலிருந்து பதினைந்து வரை போதும். 25 மடங்கின் எடையை மலை உங்களிடமிருந்து வட்டியோடு வசூலிக்கும். அளவு மில் என்றால் எல்லாம் மில்லாகவே இருக்கட்டும்: நூறு மீட்டரில் ஒரு மில் பத்து சென்டிமீட்டர், ஒரு சொடுக்கு ஒரு சென்டிமீட்டர். குண்டிலும் இதே பிடிவாதம் வேண்டும். இலக்குக் குண்டு காகிதத்தில் துளை போட ஆனது. உடலுக்குள் எப்படி விரியும் என்று உறுதி கிடையாது. வேட்டைக் குண்டு வேறு இடத்தில் விழும். இரண்டுக்கும் நூறு மீட்டரில் நாலு சென்டிமீட்டர் வேறுபாடு என்றால் நானூறில் பதினாறாவது ஆகும். நான் இப்போது மைதானத்திலும் வேட்டைக் குண்டையே சுடுகிறேன். புள்ளி ஒன்றிரண்டு குறைகிறது. குறையட்டும்.

இந்தத் துப்பாக்கியோடு ட்ரென்ட்ஹாமுக்குப் போய், தேசியக் குறிசுடும் போட்டியின் பரிசான பாலிங்கர் பெல்ட்டைத் தூக்கி வரலாம் என்று யாராவது கனவு கண்டால் இப்போதே விழித்துக்கொள்ளுங்கள். அந்த மேடைக்கு அதற்கென்றே பிறந்த துப்பாக்கிகள் இருக்கின்றன. நம்முடையது நடுவரிசைக்குப் போகும், கற்றுக்கொண்டு திரும்பும்.

கற்றுக்கொண்டதில் எதை மலைக்குக் கொண்டுபோவது, எதை மைதானத்திலேயே விட்டுவருவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மைதானத்தில் எண்ணூறில் இரும்புத் தகட்டைத் தட்டியவர், மலையில் அறுநூறு எனக்குச் சாதாரணம் என்கிறார். மைதானத்தில் தூரம் அளந்து வைத்தது. காற்றுக்குக் கொடி கட்டியிருக்கும். முதல் தோட்டா விலகினால் இரண்டாவதில் திருத்தலாம். மலையில் நீங்கள் படுத்திருக்கும் முகட்டில் நார்வெஸ்டர் என்ற வடமேற்குக் காற்று ஒரு பக்கம் வீசும், நடுப்பள்ளத்தில் மேல்நோக்கி எழும், அக்கரையில் புல் அசையவே அசையாது. சரிவு வேறு. முப்பது டிகிரி சரிவில் நானூறு மீட்டர் என்றால், குண்டின் இறக்கத்துக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது படுக்கைத் தூரமான 346 மீட்டர். நானூறுக்கே குமிழைத் திருப்பினால் குறி ஏறக்குறைய ஒரு சாண் மேலே போகும்.

இவை எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்துவிடலாம் என்பீர்கள். சரி. பள்ளத்தைத் தாண்டி அக்கரையில் நானூறு மீட்டருக்கு உங்கள் குண்டு அரை நொடியில் போய்விடும். உங்கள் கால் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும், வழி இருந்தால். அங்கே போய் ரத்தத் தடம் தேடி, இறைச்சியைப் பிரித்து, இருட்டுக்கு முன் கூடாரம் திரும்ப முடியாது என்றால் அது உங்கள் சுடுதூரத்துக்கு வெளியே. என் எல்லை முந்நூற்று ஐம்பது மீட்டர். அதுவும் குப்புறப் படுத்து, காற்று ஓய்ந்து, விலங்கு நிற்கும்போது மட்டும். என் ரைபிளுக்கு அதைப்போல் மூன்று மடங்கு தூரம் போகத் தெரியும். அது அதன் திறமை, என் உரிமை அல்ல.

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் புதியவர்களுக்காக: உரிமம் இல்லாதவர், உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் அல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுக்கவே கூடாது. 2019 மார்ச் 15ஆம் தேதி கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தானியங்கி மறுநிரப்பு ரைபிள்களில் பெரும்பாலானவை தடையாயின. நம்முடையது கையால் இழுக்கும் போல்ட் வகை. 2023 ஜூனிலிருந்து ஆயுதப் பதிவேடு உண்டு. குழல் மாற்றுவது, முனையில் மரை கடைவது எல்லாம் தொழில் தெரிந்த துப்பாக்கிக் கொல்லரின் வேலை. காணொளி பார்த்து வீட்டுக் கொட்டகையில் செய்யாதீர்கள். அப்புறம், ஸ்கோப்பைத் தொலைநோக்கியாகப் பயன்படுத்தி மலையைத் துழாவும் பழக்கம் உங்களில் ஒருவருக்கு இருக்கிறது. ஸ்கோப் பார்க்கும் இடத்தைத்தான் குழலும் பார்க்கிறது. அங்கே தெரிவது இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். அதற்குத்தான் பைனாகுலர்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மைதானத்தில் இருப்பேன். எல்லோரும் வாருங்கள். கட்டி முடித்தவர் துப்பாக்கியோடு, கட்டாதவர் பட்டியலோடு. குழல் குளிர்ந்திருக்கும்போது ஆளுக்கு ஒரே ஒரு தோட்டா, முந்நூறு மீட்டரில், முதுகில் மலைக்குக் கொண்டுபோகிற மூட்டையோடு மேட்டைச் சுற்றி ஓடிவந்த மூச்சோடு. திருத்தம் கிடையாது, இரண்டாவது தோட்டா கிடையாது. மற்ற சுடுதல் எல்லாம் அதற்குப் பிறகு.

மீன் நிறுக்கும் தொங்குதராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மூத்த நண்பன்